பிறை போட்ட வில்லை

786
கோவில்பட்டி
12-2-1964

நாகலாபுரம் பூவனலிங்கம் அவர்களுக்கு, கோவில்பட்டி டிஸ்போசல் கடை அல்லாபிச்சை எழுதுவது. இங்கு நலம். தங்கள் வீட்டில் அனைவரும் நலமாயிருக்க இறைவனை வேண்டுகிறேன்.

போன சந்தையன்று, ஆட்டுக் கிடையில் படுக்கும்போது பனிக்கு ஆகும் என்று என் கடையில் ஒரு பட்டாளத்துக் கோட்டு எடுத்தீர்களே, ஞாபகம் இருக்கிறதா? கல்லாவில் ஊன்றுகட்டையோடு உட்கார்ந்திருந்தவன் நான்தான். கோட்டைப் போட்டுப் பார்த்துவிட்டு எனக்குப் பின்னால் சுவரில் மாட்டியிருந்த கண்ணாடிச் சட்டங்களின் முன்னால் அப்படியே நின்றுவிட்டீர்கள். சிப்பாய்கள் தொப்பியில் குத்திக்கொள்ளும் வில்லைகள் அவை. ஒவ்வொரு பட்டாளத்துக்கும் ஒரு சின்னம்: யானை, ஊதுகொம்பு, குறுக்காகக் கிடக்கும் குக்ரிக் கத்திகள். ஒன்றின்மேல் விரலை வைத்து, "பர்மாவுல இவனுவ பக்கத்துலதான் நாங்க ஒரு மழைக்காலம் பூரா கெடந்தோம்" என்றீர்கள். பிறகு எல்லாவற்றையும் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, "எல்லாம் இருக்கு. அவிய வில்லையத்தான் காணோம்" என்றீர்கள். யாருடையது என்று நான் கேட்பதற்குள் பஸ்ஸைப் பிடிக்க ஓடிவிட்டீர்கள். பருத்திக் கமிஷன் கடை கொம்பையா அண்ணாச்சியிடம் கேட்டுத்தான் தங்கள் விலாசம் கிடைத்தது.

நான் பட்டாளத்துக்குப் போனவனில்லை. மூன்று வயதில் காய்ச்சல் வந்து ஒரு கால் சூம்பிப்போனது. சண்டை முடிந்த பிறகு மதுரையில் இருந்து பட்டாளம் கழித்துவிட்ட கோட்டும் பூட்ஸும் மூட்டை மூட்டையாக எடுத்து விற்க ஆரம்பித்தேன். அந்த மூட்டைகளில் தொப்பிகளும் வரும். வில்லையைக் கழற்றிப் பித்தளைக்குப் போடு என்றார்கள். ஒரு தொப்பியைத் திருப்பிப் பார்த்தேன். உள்பட்டை முழுவதும் வேர்வைக் கறை. அவன் செத்தானா, ஊர் போய்ச் சேர்ந்தானா, யாருக்குத் தெரியும்? அதை உருக்கப் போட எனக்குக் கை வரவில்லை. அன்று தொடங்கியது. 'நொண்டிச் சாயபுக்குப் பட்டாள ஆசை' என்று கடைத்தெருவில் சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

நீங்கள் தேடிய வில்லை யாருடையது என்று மட்டுமாவது எழுதுங்கள்.

இப்படிக்கு,
அல்லாபிச்சை


உ
நாகலாபுரம்
20-2-1964

அல்லாபிச்சை அண்ணாச்சிக்கு பூவனலிங்கம் எழுதுவது.

கடிதம் வந்தது. கோட்டு நல்ல கோட்டு. இடது அக்குளில் தையல் விட்டிருக்கிறது.

நீங்கள் கேட்ட வில்லை என் வீட்டில்தான் இருக்கிறது. ஆனால் என்னுடையதில்லை. இன்னொருவன் தலையில் இருந்தது. கொடுக்கும் எண்ணம் இல்லை. நான் சப்ளைப் படையில் லாரி ஓட்டியவன். அவன் துப்பாக்கி பிடித்தவன். அவ்வளவுதான். ஊரில் யாரிடமும் இதைப் பேசியதில்லை. உங்கள் கடையில் வாயை விட்டது என் தப்பு.

மழை இல்லை. ஆடுகளை எட்டயபுரம் பக்கம் ஓட்டிப் போகிறோம். கிடை திரும்ப நாளாகும்.

பூவனலிங்கம்


786
கோவில்பட்டி
27-2-1964

அன்புள்ள பூவனலிங்கம் தம்பிக்கு,

நான் விலை கேட்கவில்லை. வில்லைகளை நான் வாங்குவதும் இல்லை, விற்பதும் இல்லை. தானாக வந்தவை, மனசாரக் கொடுத்தவை, இந்த இரண்டு வகைதான் என் சுவரில் இருக்கின்றன. உங்களுக்கு மனமில்லை என்றால் அது உங்கள் வீட்டிலேயே இருக்கட்டும். இருக்கும் இடத்தில் பத்திரமாக இருந்தால் எனக்குச் சந்தோஷம்தான்.

கோட்டை நாகலாபுரம் பஸ்ஸில் கண்டக்டரிடம் கொடுத்து அனுப்புங்கள். அக்குளைத் தைத்து அனுப்புகிறேன். பிய்ந்த சரக்கைக் கொடுத்தது என் பிழை. சந்தைக்கு வரும்போது கடைக்கு வாருங்கள். வில்லைப் பேச்சை நான் எடுக்கமாட்டேன். பர்மாவில் மழை எப்படிப் பெய்யும் என்று சொல்லுங்கள், போதும். மழையைக் கேட்டே இந்தப் பக்கம் ரொம்ப நாள் ஆகிவிட்டது.

அல்லாபிச்சை


உ
நாகலாபுரம்
3-6-1964

அண்ணாச்சிக்கு,

இத்தனை தடவை கடைக்கு வந்தேன். டீ வாங்கிக் கொடுத்தீர்கள். சொன்னபடி ஒரு நாளும் வில்லைப் பேச்சை எடுக்கவில்லை. நானும் சொல்லவில்லை. நேரில் சொல்ல வரவில்லை, எழுதுகிறேன்.

நாற்பத்தைந்தில் பர்மாவில் மெய்க்டீலா போகும் சாலை. என் லாரியில் பெட்ரோல் டின். காவலுக்குப் பின்னால் பலூச் பட்டாளத்துச் சிப்பாய் ஒருவன். பெயர் ஷேர் ஜமான். ஜீலம் ஆற்றுப் பக்கம் ஊர். ஜப்பான்காரன் குண்டு முன் சக்கரத்துக்குப் பக்கத்தில் விழுந்து லாரி சாய்ந்தது. என் பக்கத்துக் கதவு சிக்கிக்கொண்டது. பின்னால் தீப் பிடித்துவிட்டது. அவன் குதித்து ஓடியிருக்கலாம். ஓடவில்லை. காய்ந்த இரும்பைக் கையால் பிடித்து நெம்பி என்னை இழுத்துப் போட்டான். அவன் இரண்டு உள்ளங்கையும் தோலோடு போய்விட்டன.

ஆஸ்பத்திரிக் கூடாரத்தில் பக்கத்துப் பக்கத்துக் கட்டில். எனக்குத் தெரிந்த இந்துஸ்தானி கொஞ்சம்தான். அவன் ஊர் ஆட்டைப் பற்றிக் கேட்பான், நான் நம் ஊர் ஆட்டைப் பற்றிச் சொல்வேன். என்னை வேறு இடத்துக்கு அனுப்பிய அன்று, கட்டுப்போட்ட கையைக் காட்டித் தன் தொப்பியில் இருந்த வில்லையைக் கழற்றச் சொன்னான். என்னுடையதை வாங்கித் தன் தொப்பியில் குத்தச் சொன்னான். இரண்டையும் நான்தான் செய்தேன். இரண்டு வருடத்தில் அவன் ஊர் வேறு தேசம் ஆகிவிட்டது.

பிறை போட்ட அந்த வில்லையை இப்போது என் மகன் மாயகிருஷ்ணன் உங்களிடம் கொண்டுவருவான். அவன் பட்டாளத்தில் சேர்ந்துவிட்டான். பயிற்சிக்கு ஊட்டிப் பக்கம் வெலிங்டனுக்குப் போக அங்கேதான் ரயில் ஏறுகிறான். வீட்டில் சத்தியபாமா மூன்று நாளாக அடுப்புப் பற்றவைக்கவில்லை. "இந்தப் பெறையத்தாம்லா பெய சின்னதுலேருந்து எடுத்து எடுத்துப் பாத்தான். இதுதான் அவனை இழுத்துட்டுப் போவுது. இனிம இது வீட்டுக்குள்ள இருக்கப்படாது" என்கிறாள். கிணற்றில் போடத் தூக்கிக்கொண்டு போனாள். நான் பிடுங்கி வைத்தேன்.

உங்கள் சுவரில் இருக்கட்டும். மனசாரக் கொடுத்தது என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

பூவனலிங்கம்


786
கோவில்பட்டி
10-6-1964

அன்புள்ள தம்பிக்கு,

மருமகன் மாயகிருஷ்ணன் வந்து சேர்ந்தான். ரயிலுக்கு நேரம் இருந்ததால் வீட்டுக்கு அழைத்துப் போனேன். என் வீட்டம்மா பக்ருன்னிசா அவனுக்குக் கறி ஆணம் வைத்துச் சோறு போட்டாள். "பட்டாளத்துல என்னத்தப் போடுவாவளோ, இன்னும் ரெண்டு கரண்டி வச்சிக்க ராசா" என்று அவள் சொல்ல, அவன் கையை மறைக்க, ஒரே சிரிப்பு. எங்களுக்குப் பிள்ளை இல்லை என்பது உங்களுக்குத் தெரியும். அந்த வீட்டில் அப்படிச் சிரிப்புக் கேட்டு வெகுநாள் ஆயிற்று.

வில்லையை வேட்டி முனையில் முடிந்து வைத்திருந்தான். மேலே ராஜாவின் கிரீடம், கீழே பிறை, பிறைக்குள் பத்து என்பதற்கு வெள்ளைக்காரர்கள் எழுதுகிற பெருக்கல் குறி. கடைக்குக் கூட்டி வந்து சுவரைக் காட்டினேன். "மாமா, எங்க அய்யா வில்லைய எங்கன வைப்பீங்க?" என்று கேட்டான். "நடுவுலதான் மருமகனே" என்றேன். அவன் கண்ணெதிரிலேயே நடுச் சட்டத்தைக் கழற்றி யானையைப் பக்கத்துச் சட்டத்துக்குத் தள்ளிவிட்டு அதைப் பதித்தேன். ரயில் வரும்வரை அதையே பார்த்துக்கொண்டு நின்றான்.

தங்கச்சி சத்தியபாமாவைத் தேற்றுங்கள். இப்போது எங்கும் சண்டை இல்லை. உடம்பு தேறி, நாலு ஊர் பார்த்து, லீவில் வருவான்.

அல்லாபிச்சை


786
கோவில்பட்டி
14-9-1965

அன்புள்ள தம்பிக்கு,

மாயகிருஷ்ணனிடமிருந்து கடிதம் வந்ததா? அவன் பட்டாளம் பஞ்சாப் பக்கம் போயிருப்பதாகச் சொன்னீர்கள். ரேடியோவில் சண்டைச் செய்தி தொடங்கினால் பக்ருன்னிசா கையில் இருக்கும் வேலையைப் போட்டுவிட்டு வந்து நிற்கிறாள். ஐந்து வேளையும் அவனுக்காகத் துஆ கேட்கிறோம்.

இன்னொரு விஷயம். எழுதக் கூடாது என்று இரண்டு நாள் பொறுத்தேன். முடியவில்லை.

பக்கத்துக் கடை கோபாலசாமியை உங்களுக்குத் தெரியும். இத்தனை வருடம் என் கடையில் உட்கார்ந்து பேப்பர் படித்தவர். யுத்த நிதிக்கு வசூலிக்க நாலு பேரோடு வந்தார். நானும் கொடுத்தேன். கொடுத்து முடித்ததும் அவர் பார்வை சுவருக்குப் போனது.

"பாய், அது என்ன பெற?"

"பலூச் பட்டாளத்து வில்லைங்க. பர்மா சண்டையில..."

"பலூச்சின்னா பாகிஸ்தான்லா?"

"இப்பம் அங்கன இருக்கு. அப்பம் எல்லாம் ஒரே பட்டாளம்தானே அண்ணாச்சி. மேல பாருங்க, வெள்ளக்கார ராஜா கிரீடம்."

அவர் கிரீடத்தைப் பார்க்கவில்லை. கூட வந்தவர்களும் பார்க்கவில்லை. பிறையை மட்டும் பார்த்தார்கள். யானையை ஒதுக்கிவிட்டுப் பிறையை நடுவில் வைத்திருக்கிறான் என்று மறுநாள் கடைத்தெரு முழுக்கப் பேச்சு. பயந்து நடுச் சட்டத்தைக் கழற்றி வீட்டுக்குக் கொண்டுபோனேன். அது இன்னும் மோசமாகிவிட்டது. "எங்கன ஒளிச்சு வச்சிருக்கான்?" என்று கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். கடைக்கு யாரும் வருவதில்லை. இன்று காலை கடை திறந்தபோது கதவில் சாணி அடித்திருந்தது.

கொம்பையா அண்ணாச்சி ஒருவர்தான் வந்து பேசினார். கொடுத்தவர் மகன் பட்டாளத்தில் இருக்கிறான் என்று மட்டும் சொன்னேன், உங்கள் பெயரைச் சொல்லவில்லை. "திங்கக்கெழம சந்தைக்கு எல்லாவனும் வருவான். அந்த வில்லையையும் கொண்டாங்க, அதைக் குடுத்த ஆளையும் கூட்டியாங்க. என் கடை வாசல்ல வச்சுப் பேசி முடிச்சிருவோம். பட்டாளத்துல மகனைக் குடுத்திருக்கிறவரு வந்து சொன்னா எவன் எதுத்துப் பேசுவான்?" என்றார்.

தம்பி, ஒரு அரை நாள் வந்து போங்கள். உண்மையைத்தான் சொல்லப் போகிறீர்கள். வேறு எதற்கும் உங்களைக் கேட்டிருக்க மாட்டேன்.

அல்லாபிச்சை


உ
நாகலாபுரம்
17-9-1965

அண்ணாச்சிக்கு,

கடிதம் கிடைத்தது. மாயகிருஷ்ணனிடமிருந்து ஒரு மாதமாகத் தகவல் இல்லை. சத்தியபாமா சாப்பிடுவதில்லை. போஸ்ட்மேன் வரும் வழியிலேயே உட்கார்ந்திருக்கிறாள்.

திங்கட்கிழமை வர முடியாது. கிடை சாத்தூர்ப் பக்கம் கிடக்கிறது. புரட்டாசி விதைப்புக்கு முன்னால் நிலத்தில் உரத்துக்கு ஆட்டை அமர்த்திக் கொடுக்கிறதாக ஒத்துக்கொண்டிருக்கிறேன். விட்டு வர ஆள் இல்லை.

அதை எழுதிவிட்டுப் பார்த்தேன். அது மட்டும் காரணமில்லை. இங்கும் பேச்சு இருக்கிறது. ஊர்ச் சாவடியில் ரேடியோ வைத்திருக்கிறார்கள். என் மகன் அங்கே நிற்கிறான் என்று என்னை முன்னால் உட்காரவைக்கிறார்கள். பாகிஸ்தான்காரன் வில்லையை இருபது வருடம் வீட்டில் வைத்திருந்தேன் என்று நான் எப்படி எழுந்து சொல்வேன்? சத்தியபாமாவுக்குத் தெரியும். என்னைப் பார்க்கிறாள், அவ்வளவுதான்.

அந்த வில்லையை யாருக்கும் தெரியாமல் கிணற்றில் போட்டுவிடுங்கள். பொருள் இல்லை என்றால் பேச்சு அடங்கும். கேட்டால் என் பெயரைச் சொல்ல வேண்டாம். உங்களைக் கும்பிட்டுக் கேட்கிறேன்.

பூவனலிங்கம்


786
கோவில்பட்டி
25-9-1965

தம்பிக்கு,

சண்டை நின்றுவிட்டது என்று ரேடியோவில் சொன்னார்கள். இனி மாயகிருஷ்ணன் கடிதம் வரும். வந்ததும் ஒரு கார்டு போடுங்கள்.

உங்கள் கடிதம் சனிக்கிழமை வந்தது. நீங்கள் சொன்னபடியே செய்தேன். ஞாயிறு மத்தியானம் பக்ருன்னிசா தண்ணீர் இறைப்பதுபோலப் போய்க் கொல்லை உப்புக் கிணற்றில் வில்லையைப் போட்டுவிட்டு வந்தாள்.

திங்கட்கிழமை கொம்பையா அண்ணாச்சி கடை வாசலுக்குப் போனேன். நல்ல கூட்டம். "ஆளு எங்க?" என்றார்கள். வரவில்லை என்றேன். "வில்லை எங்க?" என்றார்கள். தொலைந்துவிட்டது என்றேன். கொம்பையா அண்ணாச்சி என் முகத்தைப் பார்த்தார். "பாய், ஒங்கள நம்பிக்கிட்டுல்லா நான் நாலு பேரைக் கூட்டியிருக்கேன்" என்றார். என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. வில்லை கையில் இருந்திருந்தால் கிரீடத்தையாவது அவருக்குக் காட்டியிருப்பேன். அவர் விவரம் தெரிந்தவர். புரிந்துகொண்டிருப்பார்.

"குடுத்தவன் பேரைச் சொல்லு" என்று பின்னால் இருந்து ஒருவன் கத்தினான். யாரும் கொடுக்கவில்லை, மதுரை மூட்டையில் வந்தது என்றேன். "அன்னைக்கு பர்மா கதை சொன்னியே" என்றார் கோபாலசாமி. அது சும்மா சொன்னது என்றேன்.

அதற்குப் பிறகு நடந்ததை அதிகம் எழுதவில்லை. என் கடைக்குள் போனார்கள். சட்டங்களை எல்லாம் சுவரில் இருந்து இழுத்துத் தெருவில் போட்டு மிதித்தார்கள். எந்த வில்லை எந்தப் பட்டாளத்துடையது என்று மிதித்தவனுக்குத் தெரியாது. யானையையும் மிதித்தான். அது உங்கள் மகன் தலையில் இருக்கும் சின்னம். நான் குனிந்து எடுக்கப் போனேன். என் ஊன்றுகட்டையை யாரோ தட்டிவிட்டார்கள். விழுந்ததில் நல்ல கால் முட்டி பெயர்ந்துவிட்டது. இப்போது இரண்டு காலும் ஒன்றுதான்.

பக்ருன்னிசா வந்து சாக்கடையில் கிடந்த வில்லைகளை முந்தானையில் பொறுக்கினாள். யாரும் அவளைத் தடுக்கவில்லை. அந்த மட்டுக்கு ஊர் நல்ல ஊர்தான்.

உங்கள் பெயரை நான் சொல்லவில்லை. கவலைப்பட வேண்டாம்.

அல்லாபிச்சை


நாகலாபுரம்
8-10-1965

அல்லாபிச்சைக்கு,

தந்தி வந்துவிட்டது. மாயகிருஷ்ணன் இல்லை. சண்டை நிற்பதற்கு ஆறு நாள் முன்னால். உடம்பை அங்கேயே எரித்துவிட்டார்களாம்.

சத்தியபாமா அழவில்லை. என் முன்னால் வந்து நின்று, "எவன் சுட்டான்? ஒங்க கூட்டாளி ஆளுவதானே?" என்று கேட்டாள். அந்தப் பிறையைத் தலையில் வைத்தவன் எவனோதான் என் பிள்ளையைக் கொன்றான். அதை நான் துடைத்துத் துடைத்து வைத்திருந்தேன். பிள்ளை கையில் விளையாடக் கொடுத்தேன். நீங்கள் அதை நடுவில் வைத்தீர்கள்.

துஆ கேட்டோம் என்று எழுதினீர்கள். எவன் காதில் அது விழுந்தது?

இனிமேல் கடிதம் எழுத வேண்டாம். வந்தால் பிரிக்க மாட்டேன்.

பூவனலிங்கம்


786
கோவில்பட்டி
21-10-1965

தம்பிக்கு,

பிரிக்க மாட்டீர்கள் என்று தெரிந்தும் எழுதுகிறேன்.

செய்தி தெரிந்ததும் பக்ருன்னிசா இரண்டு நாள் எழுந்திருக்கவில்லை. ஒரே ஒரு நாள் சோறு போட்ட பிள்ளை. ஆனாலும் அவன் உட்கார்ந்து சாப்பிட்ட இடத்தை அவள் இன்னும் சுற்றித்தான் நடக்கிறாள்.

போன வியாழக்கிழமை நாகலாபுரத்துக்கு வந்தேன். முட்டி இன்னும் சரியாகவில்லை. பஸ்ஸில் ஏற்றிவிட்டார்கள், இறக்கியும்விட்டார்கள். முதல் நாள் மழை பெய்திருந்தது. உங்கள் தெருவுக்குப் போகும் பாதையில் கரிசல் மண் கட்டையின் அடியில் அப்பிக்கொண்டு தூக்க முடியாமல் கனத்தது. பாதி வழியில் ஒரு வேப்பமரத்தடியில் நின்றேன். அங்கிருந்து உங்கள் வீட்டு வாசல் தெரிந்தது. ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். தங்கச்சி நடுவில் தலையை விரித்துப் போட்டு உட்கார்ந்திருந்தாள். நான் உள்ளே வந்தால் அவள் என்ன செய்வாள் என்று யோசித்தேன். நீங்கள் என்ன செய்வீர்கள் என்றும் யோசித்தேன். அந்த நேரத்தில் அவளுக்கு இன்னொரு பாரமாக நான் எதற்கு என்று திரும்பிவிட்டேன். பஸ் வரும்வரை எதிர் டீக்கடையில் இருந்தேன். யாரும் என்னை ஒன்றும் சொல்லவில்லை.

உங்களுக்கு என்மேல் எத்தனை கோபம் இருந்தாலும் சரிதான். பிள்ளையைக் கொடுத்தவர் பேச்சுக்குக் கணக்குப் பார்க்கக் கூடாது.

கடையை எடுத்துவிட்டேன். கயத்தாற்றில் பக்ருன்னிசாவின் அண்ணன் லாரி நிறுத்தத்தில் டீக்கடை வைத்திருக்கிறார். அங்கே போகிறோம்.

அல்லாபிச்சை


உ
நாகலாபுரம்
2-2-1966

அல்லாபிச்சை அண்ணாச்சிக்கு,

கொம்பையா அண்ணாச்சியிடம் கயத்தாறு விலாசம் வாங்கினேன். உங்கள் போன கடிதத்தை வந்த அன்றே பிரித்துவிட்டேன். பிரிக்கவில்லை என்று நீங்கள் நினைத்திருக்க வேண்டாம் என்பதற்காகச் சொல்கிறேன். வேப்பமரத்தடியில் நின்ற உங்களை நான் பார்த்தேன். பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டேன்.

பொங்கல் லீவில் சோலைராஜ் என்ற பையன் எங்கள் வீட்டுக்கு வந்தான். எப்போதும்வென்றான் ஊர்க்காரன். மாயகிருஷ்ணனோடு ஒரே பிளட்டூனில் இருந்தவன். கடைசியில் பக்கத்தில் இருந்திருக்கிறான். பீரங்கிக் குண்டு விழுந்ததாம். சுட்டவன் எவனையும் யாரும் கண்ணால் பார்க்கவில்லையாம். "எந்தப் பட்டாளம் சுட்டுது?" என்று சத்தியபாமா கேட்டாள். "யாருக்குத் தெரியும் சித்தி? அஞ்சாறு மைலுக்கு அங்கிட்டுலேருந்து வருது" என்றான்.

பிறகு அவன் தானாக ஒன்று சொன்னான். "மாயகிருஷ்ணன் எங்ககிட்ட எப்பவும் பீத்திக்கிடுவான் சித்தப்பா. கோயில்பட்டியில ஒரு பாய் கடையில எங்க அய்யா வில்லைதான் நட்ட நடுவுல இருக்கு, லீவுக்கு வாங்கலே காட்டுதேன்னு" என்றான். சத்தியபாமா அப்போதுதான் அழுதாள். தந்தி வந்த நாளில் இருந்து அழாதவள், அந்தப் பையன் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

அடுத்த திங்கட்கிழமை நான் கோவில்பட்டிச் சந்தைக்குப் போனேன். உங்கள் கடையில் இப்போது சைக்கிள் வாடகைக்கு விடுகிறார்கள். அதன் முன்னால் நின்று கோபாலசாமியைக் கூப்பிட்டேன். "அந்தப் பெற வில்லை என்னது. வெள்ளக்காரன் காலத்துப் பட்டாளத்தது. என்னைத் தீயிலேருந்து இழுத்துப் போட்டவன் குடுத்தது. நான்தான் பாய்கிட்டக் குடுத்தேன்" என்று சத்தமாகச் சொன்னேன். கூட்டம் கூடியது. கொம்பையா அண்ணாச்சியும் வந்தார்.

யாரும் என்னை எதிர்த்துப் பேசவில்லை. திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். கோபாலசாமி என்னை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தார். "மகனைப் பறிகொடுத்த மனுசன். நீங்க அன்னைக்கு வந்து இந்த ஒரு வார்த்தை சொல்லியிருந்தா இந்தத் தெருவுல ஒருத்தன் கை ஓங்கியிருப்பானா அண்ணாச்சி?" என்றார். அவர் அதைக் குத்திக்காட்டிச் சொல்லவில்லை. வருத்தப்பட்டுத்தான் சொன்னார்.

பிறகு கொம்பையா அண்ணாச்சி கேட்டார். "அப்பம் அந்த பாய் எதுக்கு மூட்டையில வந்ததுன்னு எங்க எல்லாத்துக்கிட்டயும் பொய் சொன்னாரு?"

என் பெயரைச் சொல்ல வேண்டாம் என்று நான்தான் எழுதினேன் என்று அங்கே சொல்லியிருக்க வேண்டும். கிணற்றில் போடச் சொன்னதும் நான்தான் என்று சொல்லியிருக்க வேண்டும். சுற்றி அத்தனை முகம். எல்லோரும் என்னை மரியாதையாகப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். வாய் வரவில்லை அண்ணாச்சி. "தெரியலை" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறிவிட்டேன்.

ஊர் வந்து சேரும்வரை அந்த ஒரு வார்த்தைதான் காதில் கேட்டது. அடுத்த சந்தைக்குப் போய் அதையும் சொல்லிவிடுகிறேன். நீங்கள் ஒரு வரி எழுதுங்கள். சத்தியபாமா உங்கள் வீட்டம்மாவைப் பார்க்க வேண்டும் என்கிறாள்.

பூவனலிங்கம்


786
கயத்தாறு
20-2-1966

பூவனலிங்கம் தம்பிக்கு,

கடிதம் கிடைத்தது. மாயகிருஷ்ணனைப் பற்றி சோலைராஜ் சொன்னதைப் பக்ருன்னிசாவுக்குப் படித்துக் காட்டினேன். இன்னொரு தடவை படிக்கச் சொன்னாள். அதற்கு உங்களுக்கு நன்றி சொல்ல வேண்டும். தங்கச்சி எப்போது வேண்டுமானாலும் வரலாம். இது பக்ருன்னிசா எழுதச் சொன்னது.

நீங்கள் சந்தையில் பேசிய செய்தி உங்கள் கடிதத்துக்கு முன்னாலேயே எனக்கு வந்துவிட்டது. பருத்தி ஏற்றிவந்த லாரிக்காரர்கள் சொன்னார்கள். "பாய், மூட்டையில வந்ததுன்னு பொய்தானே சொன்னீங்க? இன்னும் என்னவெல்லாம் மறச்சு வச்சிருக்கீங்க?" என்று சிரித்துக்கொண்டே கேட்டார்கள். விளையாட்டாகத்தான் கேட்டார்கள். மறுநாள் வேறு லாரி, வேறு ஆட்கள், அதே கேள்வி. மச்சான் அவர் கடைக்கு இது நல்லதில்லை என்று முணுமுணுத்தார். முன்பு கோவில்பட்டியில் என்னைச் சந்தேகப்பட்டவர்கள் இருந்தார்கள், பாவப்பட்டவர்களும் இருந்தார்கள். இப்போது பாவப்பட்டவர்களுக்கும் நான் பொய்யன்.

ஆகையால் இன்னொரு தடவை சந்தைக்குப் போய்த் திருத்த வேண்டாம். உங்களைக் காப்பாற்றத்தான் பொய் சொன்னேன் என்று அவர்களுக்குத் தெரிந்தால், இன்று உங்களுக்குத் தண்ணீர் கொடுத்தவர் நாளை கொடுக்கமாட்டார். பிள்ளையை இழந்த வீட்டுக்கு அந்த மரியாதை ஒன்றுதான் மிச்சம். அது இருக்கட்டும். இதை நான் பெருந்தன்மையில் எழுதவில்லை. எனக்கு மறுபடியும் அந்தத் தெருவின் வாயில் விழ உடம்பில் தெம்பில்லை.

உங்கள்மேல் கோபமில்லை என்று எழுதினால் அது இன்னொரு பொய். அன்று கொம்பையா அண்ணாச்சி கடை வாசலில் நாகலாபுரம் பஸ் வந்து நின்றபோதெல்லாம் இறங்குகிறவர்களைப் பார்த்தேன். கடைசி ஆள் இறங்கும்வரை பார்த்தேன். அது மட்டும் மறக்கவில்லை. மற்றதெல்லாம் மறந்துவிடும் என்று நினைக்கிறேன். தங்கச்சி வரட்டும். நீங்கள் வர வேண்டாம், இப்போதைக்கு.

மிதிபட்ட வில்லைகள் என்ன ஆயின என்று நீங்கள் கேட்கவில்லை. நானே சொல்லிவிடுகிறேன். நசுங்கியவற்றை வைத்துக்கொண்டு என்ன செய்வது? கயத்தாறு வரும்போது பாத்திரக் கடைக்காரரிடம் கொடுத்துவிட்டேன். அவர் நிறுத்தார். நான் பார்க்கவில்லை.

இங்கே நெடுஞ்சாலை. எப்போதும் வண்டிகள். நேற்று முன்தினம் மதியம் ஒரு பட்டாளத்து லாரி நின்றது. நாலைந்து பையன்கள் இறங்கிப் பெஞ்சில் உட்கார்ந்து டீ கேட்டார்கள். தெற்கத்திப் பையன்கள், சிரிப்பும் சத்தமும். நான் டீயை ஆற்றிக் கொடுத்தேன். அவர்கள் போன பிறகு பார்த்தால் பெஞ்சில் ஒரு தொப்பி கிடந்தது, வில்லையோடு. எந்தப் பட்டாளத்து வில்லை என்று நான் குனிந்து பார்க்கவில்லை. கிளாஸ்களைக் கழுவப் போனேன். பக்ருன்னிசாதான் அதை எடுத்துக்கொண்டு, "ஏ ராசா, தொப்பிய விட்டுட்டுப் போறியே" என்று கத்திக்கொண்டே சாலையில் லாரிக்குப் பின்னால் ஓடினாள்.

அல்லாபிச்சை